கச்சான் காலத்தில் இரண்டாம் தவணை

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் இடப்பக்கமாக உட்கார்ந்தால் வீடுகளின் இடைவெளியில் கடல் தெரிந்து தெரிந்து மறையும். வலப்பக்கம் வயல்வெளி. பெரியநீலாவணையில் அம்பாறை மாவட்டம் தொடங்குகிறது. பிறகு மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று ஊருக்குள் ஊர் புகுந்ததுபோல வரிசை. ஓர் ஊர் முடிந்து மற்ற ஊர் தொடங்கும் எல்லையை வெளியூராரால் கண்டுபிடிக்க முடியாது. கோயில் கோபுரம் தெரிந்தால் தமிழ் ஊர், பள்ளிவாசல் மினாரா தெரிந்தால் முஸ்லிம் ஊர் என்று அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூலை மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், காலை ஆறே முக்காலுக்கு மருதமுனையில் இறங்கினேன். வீதி முழுக்க வெள்ளைச் சீருடை. வெள்ளைப் பர்தா அணிந்த பிள்ளைகள் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் வாப்பாமாரின் மோட்டார் சைக்கிளிலும் போய்க்கொண்டிருந்தார்கள். கைத்தறிக்குப் பேர்போன ஊர் அது. உள் ஒழுங்கைகளில் தறிச் சத்தம் அந்த நேரத்திலேயே கேட்டது. ஏழு மணிக்கெல்லாம் வெயில் முதுகில் குத்தத் தொடங்கியது.

இது கச்சான் காலம். இலங்கைக்கு வெளியே இருக்கும் வாசகியருக்கு ஒரு சொல்: எங்களிடம் நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். நான் சொல்வது காற்றை. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரம் வற்றிய காற்றாகக் கிழக்குப் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடேறுகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் கடற்காற்றைக் கரைக்கு வரவிடாமல் தள்ளிவிடும் அளவுக்கு வீசும். சில நாட்களில் வெப்பம் 37, 38 பாகையைத் தொடும். வானிலை நூல்களிலும் இந்தக் காற்று எங்கள் ஊர்ப் பெயராலேயே குறிக்கப்படுகிறது. பாடசாலைகளின் இரண்டாம் தவணை பெரும்பாலும் இந்தக் காற்றுக்குள்ளேயே வந்து விழுகிறது.

பெண் பிள்ளைகளின் படிப்பில் இந்தக் கரை வெகுதூரம் வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். கல்வி அமைச்சராக இருந்த பதியுதீன் மஹ்மூத் அவர்களின் பெயரைத் தாங்கிய கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி 1970களின் தொடக்கத்தில் உருவானது. 1995இல் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்து, அடுத்த ஆண்டே முழுப் பல்கலைக்கழகமானது. பெண் பிள்ளையைப் பேராதனைக்கோ கொழும்புக்கோ அனுப்பத் தயங்கிய வாப்பாமாரும் ஒலுவிலுக்கு அனுப்பினார்கள். இன்று சந்திக்குச் சந்தி 9ஏ எடுத்த பிள்ளையை வாழ்த்தும் பதாகை தொங்குகிறது. அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பார்ப்பதற்காகத்தான் நான் போனேன்.

நான் போன பாடசாலையின் பெயர் இங்கு தேவையில்லை. அதைப்போல நிறைய இருக்கின்றன. தரம் 10 வகுப்பில் நாற்பதுக்கு மேற்பட்ட மாணவியர். மேலே இரண்டு மின்விசிறிகள், ஒன்று சுழலவில்லை. மேசைகளில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. இடைவேளை மணி அடிக்கும்போதும் பெரும்பாலான போத்தல்கள் நிறைந்தபடியே இருந்தன. முன்வரிசைப் பிள்ளையிடம் கேட்டேன்.

"ஏன் மகள், தண்ணி குடிக்கல்லியா?"

"குடிச்சா பாத்ரூமுக்குப் போகணும் மிஸ்."

"போனா என்ன?"

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். "போய்ப் பார்த்திட்டு வாங்க மிஸ்."

போய்ப் பார்த்தேன். எட்டுக் கதவுகள். மூன்று மட்டும் திறந்தன. அதில் ஒன்றுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போக, மற்றவள் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாளி இருந்தது, குழாயில் தண்ணீர் நூல்போல வந்தது. இடைவேளை 20 நிமிடம். வரிசையில் நின்றால் சிற்றுண்டிச்சாலைக்குப் போக முடியாது, சிற்றுண்டிச்சாலைக்குப் போனால் வரிசையில் நிற்க முடியாது. 25 மாணவியருக்கு ஒரு மலசலகூடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அந்த அளவை நினைத்துக்கொண்டு திறந்த மூன்று கதவுகளையும் பார்த்தேன். வேறு கணக்குத் தேவைப்படவில்லை.

காலை ஏழு மணியிலிருந்து பகல் இரண்டு மணிவரை, கச்சான் காற்றில், தலை மூடிய உடையில், ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல் இருக்கும் பிள்ளைக்குத் தலைவலி வரும், மயக்கம் வரும், படித்தது மனதில் நிற்காது. சிறுநீரை அடக்கி அடக்கி நாளடைவில் தொற்றும் வரும். "கிளாஸில் தூங்கி விழுறா, கவனம் இல்ல" என்று பெற்றோர் கூட்டத்தில் உம்மாமாரிடம் முறையிடப்படும் பிள்ளைகளில் எத்தனை பேர் வெறும் தாகத்தில் இருந்தவர்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை.

மாதவிடாய் நாட்களில் நிலைமை இன்னும் கடினம். கறை தெரிந்துவிடுமோ என்ற பயத்துக்கு வெள்ளைச் சீருடையைவிடப் பெரிய காரணம் வேண்டாம். அந்த இரண்டு மூன்று நாட்களும் "வயிற்றுவலி" என்று வீட்டில் நின்றுவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2024இல் வசதி குறைந்த பாடசாலைகளின் மாணவியருக்குச் சுகாதாரத் துவாய் வாங்க 1,200 ரூபா பெறுமதியான வவுச்சர் கொடுக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் துவாயை மாற்ற ஓர் இடமும், பயன்படுத்தியதைப் போட மூடியுள்ள ஒரு வாளியும் வவுச்சரில் வராது. அவை அதிபரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் நாமும் பார்க்க வேண்டியவை. சங்கக் கூட்டத்தில் நுழைவாயில் கோபுரம் கட்டுவது பற்றி இரண்டு மணித்தியாலம் பேசுகிறார்கள். மலசலகூடம் என்ற சொல் வந்தால் ஆண்கள் நிலத்தைப் பார்க்கிறார்கள், பெண்கள் முந்தானையைச் சரிசெய்கிறார்கள். கோபுரத்தில் பெயர் பொறிக்கலாம். மலசலகூடத்தில் யார் பெயர் பொறிப்பார்?

பாடசாலை விட்டதும் அந்த வகுப்புப் பிள்ளை ஒருத்தியோடு சாய்ந்தமருதுவில் அவள் வீட்டுக்குப் போனேன். இந்த ஊர்களின் குடியிருப்பு நெருக்கத்தை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது இந்தக் கரையின் வழமை. மூத்தம்மாவின் வளவு மூன்று பெண் மக்களுக்குப் பிரிந்து, அவர்களின் பெண் மக்களுக்கும் பிரிந்து, இன்று சுவரும் சுவரும் முட்டிக்கொண்டு நிற்கிறது. தென்னை மரம் நின்ற இடத்தில் தங்கச்சியின் குசினி. பெண்ணுக்குச் சொந்தமாக வீடு இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதைச் சமூகவியல் படித்தவள் என்ற முறையில் நான் எப்போதும் சொல்லி வருகிறேன். அந்தப் பலத்துக்குக் கொடுத்த விலை, பிள்ளைகள் ஓடி விளையாடிய முற்றம்.

அந்தப் பிள்ளையின் ஒரு நாளை உம்மாவும் அவளும் சேர்ந்து எனக்குச் சொன்னார்கள். சுப்ஹுக்கு எழும்புவாள். பாடசாலை. வந்து லுஹர் தொழுது சாப்பிட்டதும் இரண்டரைக்குக் கணித ரியூசன். அஸருக்குப் பிறகு விஞ்ஞானம். மஃரிபுக்குப் பிறகு ஆங்கிலம், வாப்பா கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவார். இரவு ஒன்பதுக்குச் சாப்பாடு, பிறகு வீட்டு வேலைகளும் பாடங்களும். படுக்கும்போது பன்னிரண்டு. விடிய நாலரைக்கு மறுபடி. பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரை எட்டு முதல் பத்து மணித்தியாலம் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். இவளுக்குக் கிடைப்பது நாலரை.

"கடற்கரைக்குப் போவீங்களா?" என்று கேட்டேன். வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை.

பிள்ளை உம்மாவைப் பார்த்தாள். உம்மா பதில் சொன்னார்: "இல்ல, நாங்க விடுறல்ல."

காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் மிக அதிகமான உயிர்களைக் கடல் கொண்டுபோன மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேல். அப்போது அந்த உம்மாவுக்கு, இன்று மகளுக்கு இருக்கும் வயது. மகள் சுனாமியைப் பார்த்ததில்லை, ஆனால் உம்மாவின் முகத்தில் அதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறாள். அத்தோடு "பொம்புளப் புள்ளைக்குக் கடற்கரையில என்ன வேலை" என்ற பேச்சும் சேர்ந்துகொள்கிறது. கச்சான் காலத்தில்தான் எங்கள் கடல் அமைதியாகக் கிடக்கும், கரைவலை இழுப்பார்கள், பின்னேரம் பொடியன்மார் பந்து விளையாடுவார்கள். தெற்கே, 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே, கடல் கரையை அரித்து மணலும் குறைந்துவிட்டது. எஞ்சிய மணலும் ஆண் பிள்ளைகளுக்கு.

இந்தக் குறை எங்களுக்கு மட்டுமானதில்லை. 11 முதல் 17 வயது மாணவியரில் 85 சதவீதமானோருக்குப் போதிய உடலசைவு இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள். பல நாடுகளின் கணக்கும் சேர்ந்தது அது. எங்கள் பிள்ளைகளுக்கு இதன்மேல் இன்னொரு பாரம் இருக்கிறது.

இன்று உயர்தர வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் இரண்டாம் தவணைகளை எண்ணிப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள். அடுத்த வெள்ளிக்கிழமை, 26ஆம் திகதி இரவு, சாய்ந்தமருதுவில் ஒரு வீட்டில் பதினைந்து பேர் இறந்தார்கள், அவர்களில் ஆறு பேர் குழந்தைகள். துப்புக் கொடுத்தவர்கள் ஊர் மக்களே. ஆனாலும் அதற்குப் பிந்திய மாதங்களில் பர்தாவோடு பஸ் ஏறிய பிள்ளைகளைப் பார்த்த பார்வை வேறாக இருந்தது. பாடசாலை வாசலில் பைகளைத் திறந்து காட்டினார்கள். 2020இல் கொரோனா, மார்ச் முதல் பாடசாலை மூடல். 2021இல் மீண்டும் மூடல், போனில் பாடம், ஒரு போனுக்கு மூன்று பிள்ளைகள். 2022இல் எரிபொருள் இல்லை, ஜூன் ஜூலையில் மறுபடி மூடல், செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தை எட்டியது. அடுத்தடுத்து நான்கு ஆண்டுகள். பத்து, பதினொரு வயதில் தோழிமாரோடு சண்டை பிடித்துச் சமாதானமாகிப் பழக வேண்டிய காலத்தில் இவர்கள் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தவறிய பாடங்களைப் பிடிக்க எல்லாரும் ஓடினோம். அதற்குத்தான் இந்த மூன்று ரியூசன். விடுபட்ட தோழமையையும் தூக்கத்தையும் யாரும் அட்டவணையில் போடவில்லை. 2019 வரை உயர்தரப் பரீட்சை ஓகஸ்டில் நடந்தது, கச்சான் முடிய அந்தப் பாரமும் முடியும். பிறகு பரீட்சை மாதங்கள் ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போயின. முடியும் நாள் எது என்று தெரியாத ஓட்டம் பிள்ளையை எப்படிச் சோர வைக்கும் என்பதை, ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியை ஒருவர் என்னிடம் சொன்னார். அவருக்கென்று ஓர் அறை இருக்கிறது. அதே அறையில்தான் போட்டோக் கொப்பி மெஷினும் இருக்கிறது. ஒரு பிள்ளை அழத் தொடங்கும்போது வினாத்தாள் அடிக்க யாராவது உள்ளே வருவார்கள். அதன் பிறகு அந்தப் பிள்ளை வருவதில்லை. "கவுன்சிலிங் போறாளாம்" என்ற கதை ஊருக்குள் பரவினால் நாளைக்குக் கலியாணப் பேச்சில் வந்து நிற்குமோ என்று உம்மாமார் பயப்படுகிறார்கள். உம்மா மத்திய கிழக்கில் வேலை செய்யும் வீடுகளில் பயப்படக்கூட ஆளில்லை, மூத்தம்மாதான் பிள்ளை வளர்க்கிறார். 1926 தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 1929 சிறுவர்களுக்கானது. இந்த இரண்டு இலக்கங்களும் குசினிச் சுவரில் எழுதி வைக்க வேண்டியவை.

மறுநாள் நிந்தவூரில் ஒரு பாடசாலையைப் பார்த்தேன். பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. பழைய மாணவியர் பத்துப் பேர் சேர்ந்து தாழ்ப்பாள்களும் ஒரு தண்ணீர்த் தாங்கியும் மூடியுள்ள வாளிகளும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். துப்புரவுக்கு ஒரு பெண்ணுக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள். பணம் சேர்ப்பதைவிட அந்தப் பெண்ணைத் தேடிப் பிடிப்பதுதான் சிரமமாக இருந்ததாம். அங்கே காலை ஒன்பது மணிக்கும் பதினொன்றுக்கும் "தண்ணீர் மணி" அடிக்கிறார்கள். மணி அடித்ததும் ஆசிரியை உட்பட எல்லாரும் எழுந்து தண்ணீர் குடிக்க வேண்டும். முதல் வாரம் பிள்ளைகள் சிரித்தார்களாம். நான் போனபோது யாரும் சிரிக்கவில்லை, போத்தல்கள் மளமளவென்று காலியாகின.

அன்று பின்னேரம் சாய்ந்தமருது உம்மா தொலைபேசியில் அழைத்தார். அவரும் ஒழுங்கையில் உள்ள இன்னும் ஐந்து உம்மாமாரும் பேசியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு பிள்ளைகளைத் தாங்களே கடற்கரைக்குக் கூட்டிப்போவது, மஃரிபுக்கு முன் திரும்புவது என்று முடிவாம். அன்றைய விஞ்ஞான ரியூசனை யார் போய் ரியூசன் சேரிடம் நிறுத்தச் சொல்வது என்பதில்தான் இன்னும் இழுபறி. "நீங்க சொல்றீங்களா மிஸ்?" என்று கேட்டார். சேரின் இலக்கத்தை வாங்கிக்கொண்டேன்.