யார் பெற்ற பிள்ளை?

மாணவன் செய்த தவற்றைச் சிவப்பு மையால் சுழித்துக் காட்டுவது ஆசிரியன் தொழில். ஆசிரியன் செய்த தவற்றைச் சுழித்துக் காட்ட வகுப்பறையில் எவருமில்லை. ஆகவே, அந்தச் சிவப்பு மையை நானே என் பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.

2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஒரு வெள்ளிக்கிழமை. மழையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். ஏடு ஏடாகத் திருத்திக்கொண்டு வந்தேன். எல்லா ஏட்டிலும் மழை உயிர்களுக்கு இன்றியமையாதது, உழவர்க்கு நண்பன், நாட்டுக்கு வளம். ஓர் ஏட்டில் மட்டும், மழை நின்ற பிறகும் ஓட்டுக் கூரையின் விளிம்பிலே, விழலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் ஒரு துளியைக் கண்டேன். வியந்தேன். எழுதிய பையனை அழைத்தேன். அழைத்து நான் கேட்ட முதற்கேள்வி என்ன தெரியுமா?

“தம்பி, உன் அப்பா தமிழாசிரியரா?”

“தெரியாது சார். நான் இல்லத்துப் பிள்ளை” என்றான் அவன்.

குழந்தைகள் இல்லத்தில் வளரும் பையன். பெற்றோர் யாரென்று அவனுக்கும் தெரியாது. வருகைப் பதிவேட்டுக்கும் தெரியாது. “சரி, நன்றாக எழுதியிருக்கிறாய், போ” என்று அனுப்பிவிட்டேன். எழுதிய கையைப் பாராட்டுமுன் அந்தக் கைக்கு வேர் தேடினேனே, அது தவறு என்று அந்நேரம் எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் தோன்றிற்று. தோன்றச் செய்தது பெரியவர் எவருடைய நூலும் அன்று. பிரிட்டனிலிருந்து வரும் ஒரு தொலைக்காட்சித் தொடர்!

1963 நவம்பர் 23. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி சுடப்பட்டு மாண்டதற்கு மறுநாள். அன்றுதான் பி.பி.சி. தொலைக்காட்சியில் ‘டாக்டர் ஹூ’ என்னும் அறிவியல் புனைகதைத் தொடர் பிறந்தது. அதன் தலைவனுக்குப் பெயர் இல்லை. ‘டாக்டர்’ என்பதே பெயர். தன் உலகத்துக் காலத் தலைவர்களின் மாட்சியை உதறிவிட்டு ஓடிவந்தவர். வெளியே பார்த்தால் காவல்துறையின் நீலப் பெட்டி, உள்ளே நுழைந்தால் மாளிகை. அந்தக் கலத்தில் ஏறிக் காலமெல்லாம் சுற்றுகிறார். படையில்லை, பட்டமில்லை; அறிவே ஆயுதம். 1966இல் முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னெல் விலகியபோது, டாக்டரின் உடல் மாறும், உள்ளம் தொடரும் என்று ஒரு வழி கண்டனர். பேட்ரிக் ட்ரௌட்டன் வந்தார். அந்த வழியால்தான் தொடர் நிலைத்தது. 1989இல் நின்றது, 2005இல் ரசல் டி. டேவிஸ் என்னும் எழுத்தாளர் கையில் மீண்டும் எழுந்தது. 2023இல் அதே டேவிஸ் இரண்டாம் முறை பொறுப்பேற்றார். டிஸ்னி நிறுவனமும் கைகோத்தது. பிரிட்டன், அயர்லாந்துக்கு வெளியே உள்ள நாடுகளுக்கு அதன் வழியே தொடர் சென்றது. புதுக் காலம் பிறந்தது என்றனர் ரசிகர்கள்.

இத்தொடரின் ரசிகர்கள் வாய்மூடிப் பார்ப்பவர்கள் அல்லர். 1986இல் பி.பி.சி. நிகழ்ச்சி ஒன்றிலே, கதை எழுதியவர்களை முன்னால் வைத்துக்கொண்டே, “இந்த ஆண்டுக் கதை சரியில்லை” என்று எடுத்துரைத்தான் 16 வயது இளைஞன் ஒருவன். கிறிஸ் சிப்னல் என்பது அவன் பெயர். 2018இல் அதே சிப்னல் தொடரின் தலைமை எழுத்தாளராக வந்தார். அன்று அவர் விட்ட கணை, இன்று ஆயிரம் கணையாகத் திரும்பி வந்து அவர்மீது பாய்ந்தது! பக்தன் பழுது கண்டாலும் பணிவான். ரசிகன் பழுது கண்டால் கேட்பான். கேட்கட்டும்! ஆனால், எதைக் கேட்கிறான் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். புதுக் காலத்தைப் பற்றி எழுந்த கேள்விகளை எடைபோட்டுப் பார்த்தேன். மூன்று வகை தெரிந்தது.

முதல் வகை: “வந்தவர் யார்?” என்னும் கேள்வி.

2017இல் ஜோடி விட்டேக்கர் என்னும் நடிகை டாக்டராக வருவார் என்று அறிவித்தனர். “பெண்ணா?” என்று சிலர் சீறினர். 2022இல், ருவாண்டாவில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்த சுட்டி காட்வா அறிவிக்கப்பட்டார். “கறுப்பரா?” என்று முணுமுணுத்தனர் சிலர். கதையைப் பார்க்கவில்லை, நடிப்பைப் பார்க்கவில்லை, படப்பிடிப்பே தொடங்கவில்லை, தீர்ப்பு எழுதி முடித்துவிட்டனர்! இதற்கு ரசனை என்றா பெயர்? நமக்குப் பழகிய பெயர் ஒன்று உண்டு; அதை நான் சொல்ல வேண்டுவதில்லை. “பழைய மரபு கெடுகிறது” என்பது அவர்கள் வாதம். எது பழைய மரபு? 1963இல் அத்தொடரை உருவாக்கிய தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் ஒரு பெண். முதற்கதையை இயக்கிய வாரிஸ் ஹுசேன் நம் லக்னோவில் பிறந்தவர். மரபு என்று கூவுவோர் அந்த மரபின் முதல் ஏட்டையே புரட்டாதவர்கள்!

2024 ஜூன் 1 அன்று வந்த ‘டாட் அண்ட் பபிள்’ என்னும் கதை இவர்களுக்கே எழுதியது போலிருந்தது. செல்வர் வீட்டு இளைஞர்கள் மட்டும் வாழும் நகரம். கொடிய உயிர்கள் ஒவ்வொருவராய் விழுங்குகின்றன. “என்னோடு வாருங்கள், காப்பாற்றுகிறேன்” என்று கெஞ்சுகிறார் டாக்டர். மறுக்கின்றனர். ஏன்? அவர் நிறம் கறுப்பு! கறுத்த கை நீட்டிய உயிரைவிட, வெள்ளைத் தோலோடு வரும் சாவு மேல் என்று படகேறிப் போகின்றனர். அந்த நகரில் வெள்ளையரைத் தவிர வேறெவருமே இல்லை என்பதைக் கதையின் இறுதியில்தான் கவனித்தோம் என்று ரசிகர் பலர் ஒப்புக்கொண்டனர். நானும் அவர்களில் ஒருவன்.

இரண்டாம் வகை: “தெய்வம் எங்கிருந்து வந்தது?” என்னும் கேள்வி.

இது நம் கேள்வி! 1971இல் வந்த ‘தி டீமன்ஸ்’ கதையில் ஒரு சிற்றூரிலே கொம்பு முளைத்த சாத்தான் தோன்றுகிறான். சூனியம் என்கிறாள் ஒருத்தி. “இல்லை, அறிவியல்” என்கிறார் டாக்டர். முடிவில் அவன் வேற்றுலகத்தான் என்று விளக்கம் வருகிறது. 1975இல் ‘பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்’ கதையில் எகிப்தியர் தெய்வமெனத் தொழுத சுடேக் வருகிறான். அவனும் வேற்றுலகத்தானே என்று திரை கிழிகிறது. ஆண்டவன் எனப்பட்டவனை ஆராய்ந்து பார்த்த காலம் அது. இன்றோ? 2023 டிசம்பரில் வந்த கதையில் பேரண்டத்தின் விளிம்பிலே நின்று, எதிரியை ஏமாற்ற உப்பைக் கொட்டிக் கோடு போடுகிறார் டாக்டர். பழைய மூடநம்பிக்கை ஒன்றைப் போலியாகக் கையாள்கிறார். அந்த இடைவெளியில் தெய்வக்கூட்டம் உள்ளே நுழைந்துவிடுகிறது. விளையாட்டுத் தெய்வம், இசைத் தெய்வம், ஒளித் தெய்வம். வேற்றுலகத்தானாக இருந்த சுடேக்கே சாவுத் தெய்வமாகப் பதவி உயர்வு பெற்றுத் திரும்பி வருகிறான்!

“அறிவியல் புனைகதை மாயக்கதை ஆகிவிட்டதே!” என்றனர் பழைய ரசிகர்கள். நானும் சினந்தேன். ஆனால், ஆறிய பின் ஒன்று விளங்கிற்று. மூடநம்பிக்கைக்கு ஒரு பிடி உப்பு இடம் கொடுத்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட நல்ல கதை நம் மேடைகளிலும் கேட்டதுண்டா? விளையாட்டுக்குத்தானே, ஊருக்காகத்தானே, பாட்டியின் மனம் நோகாமல் இருக்கத்தானே என்று நாம் கொட்டும் உப்புகள் எத்தனை! எனினும், ரசிகர் குறையில் நேர்மை உண்டு. தெய்வம் வந்தால் விளக்கம் வேண்டாம் என்று எழுத்தாளர் எண்ணிவிட்டால், கதையும் கோயிலாகிவிடும். அங்கே கேட்பவனுக்கு இடமிராது.

மூன்றாம் வகைக்கு வருகிறேன். இங்கேதான் என் தலை குனிகிறது.

புதுக் காலத்தில் டாக்டருக்குத் துணையாக வந்தவள் ரூபி சண்டே. 2004ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முதல் நாள் இரவு, ஒரு தேவாலய வாயிலில் பெற்ற தாயால் விடப்பட்ட குழந்தை. அவள் அந்த நாளை நினைத்தால் பனி பொழிகிறது. “அவள் தாய் யார்?” என்பதே அந்த ஆண்டின் புதிர். ரசிகர் உலகமே துப்பறியும் கூடமாயிற்று. டாக்டரின் பேத்தியாக இருக்குமோ? பழைய துணைவியாக இருக்குமோ? தெய்வமே தாயாக இருக்குமோ? நானும் இரவெல்லாம் கணக்குப் போட்டேன். தாளில் வமிசக் கொடி வரைந்தேன்! பகலெல்லாம் குலம் பொய் என்று கற்பித்தவன், இரவிலே குலப்பட்டியல் எழுதினேன்.

ஜூன் 22, சனிக்கிழமை. விடை வந்தது. சுடேக் உலகங்களை எல்லாம் தூளாக்கிவிட்டான். ஆயினும் ரூபியை விட்டுவைத்திருந்தான். ஏன்? அவள் தாய் யாரென்று அவனுக்கும் தெரியவில்லையாம்! எல்லாம் அறிந்த தெய்வத்தின் கண்ணுக்கே எட்டாதவள் எத்தகைய பெருமகளோ என்று அவனும் காத்திருந்தான். கடைசியில் தெரிந்தது: அவள் எளிய பெண். 15 வயதில் குழந்தை பெற்று, அச்சத்தால் விட்டுவிட்டு ஓடி, பின்னாளில் செவிலியாகி உழைத்து வாழ்பவள். அவ்வளவுதான். அவள் பெரியவள் என்று நாம் எண்ணியதாலேயே அவள் பெரியவள் ஆனாள் என்கிறார் டாக்டர்.

“இவ்வளவுதானா?” என்றேன் நான், வாய்விட்டு.

பல ரசிகர்களும் அதையே சொன்னார்கள். எளிய பெண்தான் தாய் எனில், அந்தப் பனி ஏன் பொழிந்தது, அந்த மாயம் ஏன் நேர்ந்தது என்று சிலர் கேட்டனர். அது அறிவின் கேள்வி. எழுத்தாளர் விடை சொல்லக் கடமைப்பட்ட கேள்வி. ஆனால், என் ஏமாற்றம் அதுவன்று. ‘சாதாரணப் பெண்ணா?’ என்பதே என் ஏமாற்றம். 2020இல், டாக்டர் காலத் தலைவருள் ஒருவர் அல்லர், அவர்களுக்கெல்லாம் மூலமான அதிசயக் குழந்தை என்று சிப்னல் கதை எழுதியபோது, “உயர்பிறப்பைப் புகுத்துகிறார்களே!” என்று கொதித்தவன் நான். நான்கே ஆண்டில் அதே நான், உயர்பிறப்பு இல்லையே என்று முகம் சுளித்தேன். உலகத்தை அழித்த சாவுத் தெய்வமும் நானும் ஒரே பலகையில் அமர்ந்து, ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தோம்: யார் பெற்ற பிள்ளை?

அப்போதுதான் வெள்ளிக்கிழமைப் பையன் நினைவுக்கு வந்தான். ஓட்டு விளிம்பில் தயங்கிய அந்தத் துளி என் முகத்தில் விழுந்தது போலிருந்தது.

அந்தப் புதுக் காலம் நீளவில்லை. 2025 மே 31இல் காட்வா விடைபெற்றார். அதற்கு முந்திய கிழமைக் கதையில் ஓர் உலகம் காட்டினர். அங்கே ஐயம் கொள்வது குற்றம். ஐயப்படுவோரைக் காட்டிக் கொடுக்க அண்டை வீட்டாரே காத்திருப்பர். அவ்வளவு நல்ல உலகைக் காட்டிவிட்டு, முடிவில், தன் உழைப்பில் நின்ற பெலிண்டா என்னும் செவிலியின் வாழ்வையே திருத்தி எழுதி, அவள் தவிப்பெல்லாம் ஒரு குழந்தைக்காகவே என்று மாற்றிவிட்டனர். “தாய்மையன்றிப் பெண்ணுக்கு வேறு நோக்கமே கூடாதா?” என்று ரசிகர்கள், குறிப்பாகப் பெண்கள், கேட்டனர். ஐயம் கொள் என்று கற்பித்த தொடரையே ஐயத்தால் அளந்தனர். அதுவன்றோ நல்ல மாணவர் இலக்கணம்! 2025 அக்டோபரில் டிஸ்னியின் கூட்டு முடிந்ததென்று பி.பி.சி. அறிவித்தது. தொடர் இனி யார் முகத்தில் வரும் என்ற பேச்சு எழுந்தது. முகம் எதுவாயினும் ஆகுக! என்ன பேசுகிறது என்று கேட்போம்.

அந்த ஜூன் மாதத் திங்கட்கிழமைக்குத் திரும்புகிறேன். பையனை அழைத்தேன். “தம்பி, வெள்ளிக்கிழமை நான் கேட்ட கேள்வி தப்பு” என்றேன். அவன் விழித்தான். ஆசிரியர் தப்பு என்று சொல்லி அவன் கேட்டதில்லை போலும்.

“அப்போ என்ன சார் கேட்கணும்?” என்றான்.

“இப்படி எழுத எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டிருக்க வேண்டும்.”

முகம் மலர்ந்தது. “இல்லத்துச் சமையல்கட்டுக்கு மளிகை வரும் சார். பொட்டலம் கட்டின தாளை எல்லாம் நான் எடுத்து வச்சுப் படிப்பேன். பாதியிலே கிழிஞ்சிருக்கும். மீதியை நானே எழுதிப் பார்ப்பேன்” என்றான்.

தோழர்களே! கேட்டீர்களா? பருப்பு மடித்த தாளும் மிளகாய் மடித்த தாளும் அவனுக்குப் பள்ளி. கிழிந்த கதைக்கு முடிவு எழுதியது அவன் பயிற்சி. வமிசக் கொடியில் நான் தேடிய வேர், மளிகைப் பொட்டலத்தில் இருந்தது. தந்தை பெயரைக் கேட்டிருந்த வரையில் அது எனக்குத் தெரிந்திராது.

மேடையில் குலத்தை மறுப்பது எளிது. தனித்திருந்து கதை பார்க்கும்போது, நம் ஆவல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். அங்கே ஒளிந்திருக்கிறது பழைய பகை. அதைக் கண்ட இடத்தில் சுழியுங்கள், சிவப்பு மையால்! அந்தப் பையனுக்கு நான் இப்போது கிழியாத புத்தகங்களும் கொடுக்கிறேன். ஆயினும், பொட்டலத் தாளை அவன் விடுவதாயில்லை. முடிவு தெரிந்த கதையில் அவனுக்கு வேலை குறைவாம்!