இரண்டு தெருவுக்கு ஒரு வாசல்



பயர்வால் என்றால் வெளியிலிருந்து வருகிற திருடனைத் தடுப்பது என்பார்கள். ஒரே கட்டடத்துக்குள்ளேயும் அது காவல் நிற்கும். எங்க சித்தப்பாவின் கம்ப்யூட்டர் கடையில் பார்த்ததைச் சொல்கிறேன்.

கடையின் முன்பக்கம் ஆட்கள் வந்து உட்கார ஐந்து கம்ப்யூட்டர். உள்ளே சித்தப்பாவுக்கு ஒன்று, பக்கத்தில் பிரிண்டர். எல்லா ஒயரும் ஒரே சுவிட்ச் பெட்டியில் சொருகியிருந்தது. ஒருநாள் ஒரு பையன் எதையோ கிளிக் பண்ண, சித்தப்பாவின் ஸ்கேன் போல்டர் அப்படியே திறந்துவிட்டது. ஊர்க்காரர்களின் வருமானச் சான்றிதழ், பாஸ்புக் எல்லாம் வரிசையாக! மகளிர் குழுக் கடனுக்கு எங்க அம்மா கொடுத்த ஆதாரும் இருந்தது. "இது உங்க அம்மாதானே?" என்று சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சித்தப்பா மகள், டிப்ளமோ படித்த எங்க அக்கா, அன்றைக்கே போல்டருக்குப் பாஸ்வேர்டு போட்டாள். ஆனாலும் அவளுக்குத் திருப்தியில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய கம்ப்யூட்டரில் மூன்று நெட்வொர்க் கார்டு மாட்டி, பி.எஃப்.சென்ஸ் என்ற இலவச பயர்வாலை ஏற்றினாள்.

"இருக்கிற சுவிட்ச்சிலேயே இதையும் சொருகினா போதாதா அக்கா?"

"ஏட்டி, ஒரே தெருக்காரங்க தங்களுக்குள்ள பேசிக்கிட்டா மெயின்ரோட்டுல நிக்கிற போலீசுக்கு எப்படித் தெரியும்? முதல்ல தெருவை ரெண்டாக்கணும்."

சித்தப்பா பக்கத்துக்கு 192.168.10 என்று தொடங்கும் எண்கள், முன்பக்கத்துக்கு 192.168.20. தனித்தனி சுவிட்ச், தனித்தனி கார்டு. மூன்றாவது கார்டு இன்டர்நெட்டுக்கு. இரண்டு பக்கமும் 1 என்று முடிகிற எண் பயர்வாலுக்கு. அதுதான் கேட்வே, வாசல். சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்பதால், முதல் மூன்று எண்ணும் ஒத்திருந்தால் கம்ப்யூட்டர் நேரே பேசும். இல்லாவிட்டால் வாசலிடம் கொடுத்துவிடும். வாசலுக்கு இரண்டு தெருவும் தெரியும், ஆனால் விதியைப் பார்த்துத்தான் விடும்.

முன்பக்கத்துக்கு அக்கா எழுதிய விதி மூன்றுதான். பிரிண்டருக்கு 9100 என்ற போர்ட்டில் மட்டும் போகலாம். சித்தப்பா பக்கம் வேறெங்கும் போகக்கூடாது. மற்றபடி இன்டர்நெட் போகலாம். வரிசை மாறக்கூடாது, ஏனென்றால் மேலிருந்து பார்த்து முதலில் பொருந்துவதைத்தான் அது எடுத்துக்கொள்ளும்.

எல்லாம் சரி, பிரிண்ட் மட்டும் வரவில்லை! அக்கா முக்கால் மணி நேரம் விதிகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் பார்த்தால் பிரிண்டரில் கேட்வே எண்ணே போடவில்லை. கடிதம் வந்து சேர்ந்திருக்கிறது, பதில் அனுப்ப வழி தெரியாமல் அது உட்கார்ந்திருக்கிறது, பாவம். 192.168.10.1 என்று போட்டதும் கர்ரென்று தாள் வந்தது. பதிலுக்குத் தனி விதி வேண்டாமாம். யார் முதலில் பேசினார்கள் என்பதை பயர்வால் ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம்.

முன்பக்கம் உட்கார்ந்து சித்தப்பா கம்ப்யூட்டரை நானே தேடினேன். இல்லை. எண்ணை டைப் பண்ணியும் பார்த்தேன். ம்ஹூம்! முன்பக்க ஐந்தும் ஒன்றையொன்று இன்னும் பார்க்கும், ஒரே தெரு அல்லவா.

அந்தப் பழைய பெட்டி நின்றால் கடையே நின்றுவிடும். அதனால் "யாரும் அணைக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டச் சொன்னாள் அக்கா. சிவப்பு மையில், கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி