ஸ்பிட்ஃபயருக்கு அண்ணன், காளவாசலுக்கு மாப்பிள்ளை!

இங்கிலாந்தில் ஒரு வகை ஆண்கள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும் கழுத்தில் டையோடு ஆபீஸ் போய் ஒழுங்காகத்தான் இருப்பார்கள். சனிக்கிழமை விடிந்தால் போச்சு! பழைய பேண்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு கார் ஷெட்டுக்குள் போய்விடுவார்கள். உள்ளே ஒரு எம்.ஜி.பி.யோ, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரோ சக்கரம் இல்லாமல் கட்டைமேல் உட்கார்ந்திருக்கும். இரண்டுமே 1962-ல் பிறந்து 1980-ல் நின்றுபோன ஸ்போர்ட்ஸ் கார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அவற்றுக்கு நட்டு, வாஷர், ரப்பர் எல்லாம் புதுசாகக் கிடைக்கிறது. எம்.ஜி.பி.க்கு முழு பாடியையே 1988-லிருந்து பழைய அச்சுகளை வைத்துப் புதிதாக அடித்துக் கொடுக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

"அது அங்கே. நம்ம காளவாசல்ல ஏதுப்பா ஸ்போர்ட்ஸ் காரு?" என்பீர்கள்.

வாஸ்தவம். காளவாசல் என்றாலே செங்கல் சூளை என்று அர்த்தம். சூளை போய், பைபாஸ் ரோடு வந்து, இப்போது தலைக்கு மேலே பாலமும் வந்துவிட்டது. தேனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஜனம், ஷேர் ஆட்டோ, ஜிகர்தண்டா... இதற்கு நடுவில் கூரை இல்லாத இரண்டு சீட்டு சிவப்புக் கார் ஒன்று வந்து நின்றால், "ஷூட்டிங்கா சார்?" என்றுதான் கேட்பார்கள்.

ஆனால் ஸ்பிட்ஃபயருக்கு ஓர் அண்ணன் உண்டு. அவர் நம்ம ஊர்க்காரர். பெயர் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு!

1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு வந்தது. படம் போட்டுக் கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். அதன் சேஸிஸைக் கொஞ்சம் குட்டையாக்கி, அதே எஞ்சின் குடும்பத்திலிருந்து பெரிதாக ஒன்றை எடுத்துப் போட்டதுதான் ஸ்பிட்ஃபயர். அந்த ஹெரால்டை 1961-லிருந்து மெட்ராஸுக்குத் தெற்கே, பெருங்களத்தூர் பக்கம் இருந்த தொழிற்சாலையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி தயாரித்தது. பிற்பாடு நாலு கதவு வைத்துக்கூட ஒரு ஹெரால்டு இங்கே வந்தது. இங்கிலாந்துக்காரனுக்கே அந்த நாலு கதவு கொடுத்துவைக்கவில்லை! 70-களில் கேஸல், 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று முயற்சி செய்துவிட்டு 80-களின் கடைசியில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் பெரியப்பா வீட்டு வேப்பமரத்தடியில் நிற்பது 1967 மாடல், இரண்டு கதவு. கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்த பெரியப்பா அதை 1979-ல் பதினாலாயிரம் ரூபாய்க்கு செகண்ட் ஹேண்டாக வாங்கினார். அடியேன் பி.காம். வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் கழித்து, 46 வருஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காரின் இன்றைய புத்தக மதிப்பு எட்டு ரூபாய்க்கும் கொஞ்சம் கீழே. இரண்டு வடை வராது!

பெரியப்பாவிடம் சொன்னேன். "உங்க பெரியம்மாவுக்கும் இதே மாதிரி கணக்குப் போடுவியாடா?" என்றார். (பெரியம்மா இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

2011-லிருந்து கார் ஓடவில்லை. தார்ப்பாய்க்குள் கிடந்தது. சிக்கல் போன வருஷம் பெங்களூரிலிருந்து என் அண்ணன், அதாவது பெரியப்பா மகன், வந்தபோது ஆரம்பித்தது. "அந்த இடத்துல ஒரு ரூம் போட்டா மாசம் ஆறாயிரம் வாடகை வரும்ப்பா. தைக்குள்ள வண்டி ஓடுனா இருக்கட்டும். இல்லாட்டி எடைக்குப் போட்டுருவோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாளே காயலான்கடைக்காரர் ஒருவர் வந்து முப்பதாயிரம் என்றார். பெரியப்பா பதில் பேசவில்லை. எழுந்துபோய்த் தார்ப்பாயை இழுத்துவிட்டு வந்தார். அவருக்கு வயசு 76.

அப்புறம் என்ன, எனக்கு சனி, ஞாயிறு போச்சு!

ஹெரால்டில் ஒரு சௌகரியம். முன்பக்கம் பானெட், இரண்டு மட்கார்டு எல்லாமாக ஒரே மூடி. மொத்தமாக முன்னால் சாய்த்துவிட்டால் எஞ்சின், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாம் கடை விரித்த மாதிரி தெரியும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். அதற்குப் பின்னால் ஒரு தொழில் தகராறு இருக்கிறது. இவர்களுக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியை 1953-ல் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு பாடியாக அடித்துத் தர ஆள் இல்லை. சரிதான் போ என்று பழைய முறையில் தனியாக ஒரு சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து மேலே போல்ட் போட்டு முடுக்கிவிட்டார்கள். அவர்களுடைய கஷ்டம் நமக்கு வசதி. துண்டு துண்டாகப் பூட்டியதை வீட்டு வாசலிலேயே துண்டு துண்டாகக் கழற்றலாமே!

அசௌகரியம் ஸ்பேனரில் ஆரம்பித்தது. காரில் இருக்கிற நட்டு எல்லாம் இஞ்ச் கணக்கு. நம்ம வீட்டில் இருப்பது மில்லிமீட்டர் செட். அரை இஞ்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர். 13-ஐப் போட்டால் வழுக்கிக்கொண்டு நட்டின் மூலையை மழித்துவிடும். ஒன்பதின் கீழ் பதினாறு இன்னும் மோசம்: 14 ஏறாது, 15 நிற்காது. மூன்றாவது நட்டிலேயே பெரியப்பா நிறுத்தச் சொல்லிவிட்டு, பரணிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலையும் துணி மூட்டையையும் இறக்கச் சொன்னார். மூட்டைக்குள் எண்ணெய் தடவி வைத்த இஞ்ச் ஸ்பேனர்கள். பாட்டிலில் உபரி நட்டுகள். நாற்பது வருஷமாகப் பெரியம்மா வீட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் அதைத் தூக்கிப் போட முயற்சி செய்து தோற்றிருக்கிறார்.

மெக்கானிக் பைபாஸ் ரோட்டுக்காரர். அறுபதை நெருங்குகிறார். சின்ன வயசில் ஹெரால்டு பார்த்தவர் என்பதால் ஆளே தனி மரியாதையோடு வந்தார். ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினார். பின் சக்கரம் இரண்டும் அடிப்பக்கம் உள்ளே இழுத்துக்கொண்டு, பரதநாட்டியக்காரி மாதிரி நின்றது. "ஐயையோ, ஆக்ஸில் உடைஞ்சு போச்சு!" என்று நான் கத்த, "பதறாதீங்க தம்பி, இதுக்கு அச்சு அப்படித்தேன்" என்றார். பின்னச்சு நடுவில் கீல் வைத்த மாதிரி தனித்தனியாக ஆடும். வேகமாக வளைவில் போய் பிரேக் அடித்தால் சக்கரம் இப்படி மடங்கப் பார்க்கும் என்பதுதான் ஹெரால்டின் கெட்ட பெயர். பிறகு வந்த கேஸலில் இதை எடுத்துவிட்டு சாதாரண அச்சு போட்டார்கள்.

ஆனால் அவருடைய முகம் மாறியது முன்பக்கம் வந்தபோதுதான்.

முன் சக்கரத்தைத் தாங்குகிற இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை போட்டிருக்கும். அது வெண்கலத் துண்டு ஒன்றுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைக்குள்தான் சுழல வேண்டும். ட்ரன்னியன் என்று பெயர். ஸ்பிட்ஃபயருக்கும் இதேதான். இதற்கு கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் அடிக்கக் கூடாது. கிரீஸ் கெட்டியாகிப் பாதையை அடைத்துக்கொள்ளும், மரை காய்ந்துபோகும், தண்ணீர் இறங்கும், உள்ளேயே துரு அரிக்கும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. ஒருநாள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது படக்கென்று முறிந்து சக்கரம் படுத்துவிடும்.

இடது பக்கம் கழற்றினோம். உள்ளே கிரீஸ் பழைய அல்வா மாதிரி இறுகியிருந்தது. யாரோ ஒரு சர்வீஸ்காரர் வருஷக்கணக்கில் பாசத்தோடு கன் வைத்து அடித்திருக்கிறார்! துடைத்துப் பார்த்தால் தண்டில் மரை முடிகிற இடத்தில் முடி மாதிரி ஒரு விரிசல்.

"லேத்துல குடுத்து வெல்டு வச்சுக்கலாமாண்ணே?" என்றேன்.

"வைக்கலாம் தம்பி. பாக்க நல்லாவும் இருக்கும். ஆனா ஐயா உக்காந்து ஓட்டுற வண்டிக்கு நான் வைக்க மாட்டேன்."

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பெரியப்பா அந்தத் தண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 2011-ல் அவர் கடைசியாக ஓட்டியது இதன்மேல்தான். பக்கத்து சீட்டில் பெரியம்மா, பின்னால் பேரன்.

நல்ல தண்டு திண்டுக்கல் பக்கம் ஒரு தோட்டத்தில் கிடைத்தது. அங்கே ஒரு ஹெரால்டுக்குள் கோழிகள் குடித்தனம் செய்துகொண்டிருந்தன. டிரைவர் சீட்டில் முட்டை! தோட்டக்காரர் முன் சஸ்பென்ஷனை விற்கச் சம்மதித்தார், சீட்டைத் தொடக் கூடாது என்ற கண்டிஷனோடு. வெண்கலத் துண்டும் புஷ்ஷும் இங்கிலாந்திலிருந்து பார்சலில் வந்தன. ஸ்பிட்ஃபயர் பைத்தியங்கள் அங்கே நிறையப் பேர் இருப்பதால் இன்றைக்கும் செய்து விற்கிறார்கள். தம்பி புண்ணியத்தில் அண்ணன் பிழைத்தார்.

பாடியில் பெரிய செலவில்லை. இங்கிலாந்தில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்பைத் தூவுகிறார்கள். அது ஏறி சேஸிஸை அப்பளமாக்கிவிடும். நம்ம மதுரையில் மழையே விருந்தாளிதானே! துரு குறைச்சல். அதற்குப் பதிலாக வெயில் ரப்பரையெல்லாம் தின்றிருந்தது. ஜன்னல் பீடிங் கையில் எடுத்தால் காப்பிப் பொடி. பெட்ரோல் டியூப்பை மட்டும் எத்தனால் தாங்குகிற ரகமாகப் பார்த்து மாற்றினோம். 2025-ல் நாடு பூராவும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்றாகிவிட்டது. அந்தக் காலத்து ரப்பரை அது ஊறவைத்து அரித்துவிடும். பழைய கார் வைத்திருப்பவர்கள் கலரைப் பற்றிக் கவலைப்படும் முன் அந்த டியூப்பைப் பாருங்கள். தீப்பிடித்த காருக்கு என்ன கலர் இருந்தால் என்ன? வீல் சிலிண்டர் ரப்பர், பிரேக் ஹோஸ் எல்லாம் புதுசு. டாப்பெட் இடைவெளி ஆயிரத்தில் பத்து இஞ்ச். அதை மட்டும் பெரியப்பா யாரையும் தொடவிடவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஃபீலர் கேஜை வைத்து அவரே பார்த்தார்.

நடுவில் ஒரு நண்பர் வந்தார். "எதுக்குண்ணே இந்த அவஸ்தை? ஆம்னி எஞ்சினைத் தூக்கி வச்சிட்டா ஜம்முன்னு போகும். ஏசிகூடப் போட்டுக்கலாம்." அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தோம்.

எஞ்சினை மாற்றாமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வாகன விதி கொண்டுவந்தது. 50 வயசு தாண்டி, சேஸிஸ், பாடி, எஞ்சின் மாறாமல் இருந்தால் 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர் தருவார்கள். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். அண்ணனுக்கு போனில் சொன்னேன். குரலே மாறிவிட்டது. "அப்ப விண்டேஜ் வேல்யூ வருமா? சென்னையில வாங்க ஆள் இருக்காய்ங்களா?"

விதியைப் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்த நம்பர் வாங்கினால் கண்காட்சி, விண்டேஜ் ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குப் போக மட்டும் ரோட்டில் எடுக்கலாம். தினசரி உபயோகத்துக்குக் கூடாது.

"காய்கறி வாங்கப் போகலாமா?"

"கூடாது பெரியப்பா."

"திருமங்கலத்துக்கு உங்க அத்தையப் பாக்க?"

"அத்தை விண்டேஜ் கண்காட்சி வச்சா போகலாம்."

சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொம்மைக்கு நம்பர் எதுக்குடா? சாதா ஆர்.சி.யையே புதுப்பிச்சுக் குடு" என்றார். பழைய நம்பரை வைத்துக்கொண்டு, அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கிற வழி அது. விற்கப்போனால் விலை குறையலாம். அதை நினைத்துத்தான் அப்படிச் சொன்னாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்ஷன் முடிந்து தை பிறக்க ஆறு நாள் இருக்கும்போது வண்டி ரோட்டுக்கு வந்தது. பெரியப்பா ஓட்ட, பெரியம்மா முன்னால், நானும் மெக்கானிக் அண்ணனும் பின்னால் முழங்காலைத் தாடையில் முட்டுக் கொடுத்துக்கொண்டு உட்கார, நாகமலை புதுக்கோட்டை வரை போனோம். 948 சி.சி. மணிக்கு 40 கிலோமீட்டரில், பின்னால் வந்த தேனி பஸ் அடித்த ஹாரனுக்குப் பெரியப்பா கையை வெளியே நீட்டி, "போய்யா போ" என்று வழிவிட்டார். திரும்பும்போதுதான் தமாஷ். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். லண்டன் டாக்ஸிக்குச் சமம். ரிவர்ஸே போடாமல் ஒரே ஒடியில் அவர் திருப்பியதைப் பார்த்து டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். மெக்கானிக் அண்ணன் மட்டும் முன் சக்கரத்தையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுக்க ஒடித்த ஸ்டியரிங் ஆயிற்றே!

பொங்கலுக்கு அண்ணன் வந்தார். சாவியை வாங்கிக்கொண்டு பைபாஸில் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தார். ரூம் பேச்சு எடுக்கவில்லை. "மாடியில வேணா ஒரு போர்ஷன் எடுக்கலாம்ப்பா" என்றார். பெரியப்பா, "மொதல்ல வந்து இந்த கியர் ஆயிலை எப்படி விடுறதுன்னு பாத்துக்க" என்று ஆயில் கேனை அவர் கையில் கொடுத்தார்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. இடது கதவு ஜன்னல் கண்ணாடியைச் சுற்றுகிற கைப்பிடி இல்லை. இப்போதைக்கு ஒரு பன்னிரண்டு அங்குலக் குறடு வைத்துத் திருகிக்கொண்டிருக்கிறார் பெரியம்மா. உங்கள் வீட்டுப் பரணில், ஏதாவது ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் அப்படி ஒன்று கிடந்தால் பத்திரிகை மேற்பார்வையிட்டு எனக்கு ஒரு கார்டு போடுங்கள். நேரிலேயே வந்து வாங்கிக்கொள்கிறோம், ஹெரால்டிலேயே!