தைப்பேயில் காலைப் பசியாறல்

தைவானில் செய்தது என்ற எழுத்தை மின்விசிறியிலும் விளையாட்டுச் சாமானிலும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த ஊருக்கே போய் வந்தேன் என்று சொன்னதும் லயத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "அங்கே என்ன டீச்சர் சாப்பிட்டீங்க?" என்பதுதான். 2004-ஆம் ஆண்டு நம் இரட்டைக் கோபுரத்தின் உயரத்தை முந்திய தைப்பே 101 கோபுரத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அதில் வருத்தம் இல்லை. 508 மீட்டர் உயரத்தை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சாப்பாட்டைப் பற்றிச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது.

மே மாதக் கடைசிப் பள்ளி விடுமுறையில் ஆசிரியைகள் மூவர் சேர்ந்து போனோம். நானும் என் பள்ளித் தோழி ஒருவரும் தமிழ்ப்பள்ளி. மூன்றாமவர் எங்கள் பட்டணத்துச் சீனப்பள்ளி ஆசிரியை. மாண்டரின் பேசுபவர் அவர் ஒருவரே என்பதால் அந்த ஐந்து நாளும் எங்கள் வாயும் காதும் அவர்தான். கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டியதில்லை, அங்கும் நம் நேரம்தான். ஆனால் சூரியன் நம் நேரப்படி எழுவதில்லை. இங்கே பெரட்டுக்குப் போகும்போது இன்னும் இருட்டாக இருக்குமே, அங்கே அந்த மாதத்தில் காலை ஐந்து மணிக்கே பளிச்சென்று விடிந்துவிடுகிறது. ஊரும் உடனே எழுந்து பசியாறக் கிளம்பிவிடுகிறது.

அந்த ஊர்க்காரர்கள் வீட்டில் பசியாறுவது குறைவு. தெருவுக்குத் தெரு காலைக் கடை உண்டு. விடியும்போது திறப்பார்கள், மதியத்துக்குள் அடுப்பை அணைத்து, தரையைக் கழுவி, கதவை இழுத்துவிடுவார்கள். அக்கடைகளில் எல்லாரும் கேட்டு வாங்கும் பண்டம் ஒன்று. அதன் பெயர் தான் பிங். 'தான்' என்றால் முட்டை, 'பிங்' என்றால் மாவில் செய்த அடை. முட்டை அடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ரொட்டி தெலூருக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். ஆனால் எண்ணெய் குறைவு, வீச்சும் கிடையாது.

செய்யும் விதம் இதுதான். அகலமான இரும்புக் கல்லில் கொஞ்சம் எண்ணெய் தடவி, வெங்காயத்தாள் போட்டு அடித்த முட்டையை ஊற்றுகிறார்கள். முட்டை இறுகுவதற்கு முன் மெல்லிய மாவு அடை ஒன்றை அதன் மேல் போடுகிறார்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டதும் புரட்டி, இரண்டு தட்டைக் கரண்டிகளால் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, அந்தக் கரண்டி விளிம்பாலேயே டக் டக்கென்று ஐந்தாறு துண்டாக வெட்டித் தட்டில் தள்ளுகிறார்கள். மேலே இனிப்பு கலந்த கெட்டிக் கிச்சாப். காரம் வேண்டுமென்றால் மிளகாய்ச் சாந்து. எல்லாம் மூன்று நிமிட வேலை.

எளிய பண்டம்தான். ஆனால் எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு கடையைச் சொல்கிறார்கள். விடுதிக்காரர் ஒன்று சொன்னார், வாடகைக் காடி ஓட்டுநர் வேறு சொன்னார். போன இடத்தில் வேறு வேலை என்ன? தினம் ஒரு கடையென்று தேடிப் பார்ப்பது என்று மூவரும் முடிவு செய்தோம்.

முதல் நாள் போனது எல்லாரும் சொல்லும் ஃபூ ஹாங் சோயா பால் கடைக்கு. ஷான்தாவ் கோயில் ரயில் நிலையத்தருகே ஹுவாஷான் பசாரின் மாடியில் இருக்கிறது. நாங்கள் தங்கியது லோங்ஷான் கோயில் பக்கம். அங்கிருந்து மூன்றாவது நிலையம். மெட்ரோ ரயில் ஆறு மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். முதல் ரயிலில் போய் இறங்கினால், வரிசை மாடிப்படி இறங்கித் தெருவுக்கே வந்துவிட்டிருந்தது. முக்கால் மணி நேரம் நின்றோம். நின்றதற்கு வீணில்லை. அங்கே மாவு பிசைவதையும், ஷாவ் பிங் என்னும் எள் தூவிய தடித்த ரொட்டியை அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடுவதையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். நம் பட்டணத்துத் தந்தூரி அடுப்பு நினைவுக்கு வரும். உப்புச் சோயா பால் என்று ஒன்று தருகிறார்கள். காடி விட்டுத் திரிந்தாற்போல் இருக்கும், பார்த்ததும் என் தோழி முகத்தைச் சுளித்தார், பிறகு இரண்டாவது கிண்ணம் கேட்டார். ஆனால் அந்தக் கடையில் மாப்பிள்ளை அந்தத் தடித்த ரொட்டிதான். தான் பிங் மாப்பிள்ளைத் தோழன்.

மறுநாள் ஆற்றுக்கு அப்பால் யோங்ஹே. சோயா பாலுக்குப் பேர்போன பகுதி அது. 1955-இல் தொடங்கிய உலக சோயா பால் மன்னர் என்ற கடை இன்றும் அங்கே நடக்கிறது. இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம் சொல்லியாக வேண்டும். வகுப்பறைப் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தைவான் அரிசி விளையும் நாடு. அங்குள்ள பழங்குடும்பங்கள் காலையில் அரிசிக் கஞ்சி குடித்தவர்கள். 1949-இல் சீனாவின் உள்நாட்டுப் போர் முடிந்தபோது, தோற்ற பக்கத்தைச் சேர்ந்த படைவீரர்களும் குடும்பங்களுமாகப் பத்து லட்சம் பேருக்கு மேல் கடல் தாண்டி அத்தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் வடக்கேயிருந்து வந்தவர்கள் மாவுப் பண்டம் உண்பவர்கள். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று வந்தவர்கள், திரும்ப முடியவில்லை. கையில் தொழிலும் இல்லை, நிலமும் இல்லை. பிசைந்து சுடத் தெரியும். அதைச் செய்து விற்றார்கள். 1951 முதல் 1965 வரை அமெரிக்க உதவியாகக் கோதுமையும் மாவும் கப்பல் கப்பலாக வந்தன. மாவு மூட்டைத் துணியில் பிள்ளைகளுக்குக் கால்சட்டை தைத்துப் போட்ட கதையை அங்குள்ள முதியவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இப்படித்தான் அரிசி நாட்டின் காலைத் தட்டில் கோதுமை ஏறியது. பிழைக்க வந்தவர்களின் உணவு ஊரார் உணவாகிவிட்டது. ரொட்டி சானாயை எல்லா இனத்தவரும் உண்ணும் நாட்டில் இருக்கும் நமக்கு இது புதுமையில்லை.

மூன்றாம் நாள் புதுமாதிரிக் கடையொன்று. 1980-களிலிருந்து பெருகிய வகை இது. பர்கர், சாண்ட்விச், பால் தேத்தண்ணீர், மிளகுக் குழம்பு ஊற்றிய மீ, இவற்றோடு தான் பிங்கும் உண்டு. உள்ளே பாலாடைக்கட்டி, சோளம், மீன் என்று எது வேண்டுமானாலும் வைத்துத் தருகிறார்கள். உட்கார்ந்ததும் ஒரு துண்டுச் சீட்டும் பென்சிலும் வரும். வேண்டியதற்கு எதிரே குறியிட்டுக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான கடைகளில் அடை தொழிற்சாலையிலிருந்து உறைய வைத்து வருவது. உறையைப் பிரித்துக் கல்லில் போட வேண்டியதுதான். குற்றம் சொல்ல முடியாது, விலையும் நேரமும் அவர்களை அப்படிச் செய்ய வைக்கின்றன. ஆனால் நாக்குக்குத் தெரிந்துவிடுகிறது. எல்லாக் கடையிலும் ஒரே அடை, ஒரே மொறுமொறுப்பு.

நான் தேடியது நான்காம் நாள் எங்கள் விடுதிக்குப் பின் சந்திலேயே கிடைத்தது. லோங்ஷான் கோயில் 1738-இல் கட்டப்பட்டது. அதைச் சுற்றியுள்ள வான்ஹுவா நகரின் பழைய பகுதி. காலை ஆறு மணி, தூறல். மூன்று மேசை போட்ட ஓர் ஒட்டுக்கடை. அறுபதைத் தாண்டிய தவுக்கே அம்மாள் ஒருவர் கல்லருகில், அவர் கணவர் சோயா பால் பானையருகில். அம்மாளின் பக்கத்தில் ஒரு வாளி நிறைய நீர்த்த மாவு. தோசை ஊற்றுவதுபோல் ஒரு கரண்டி மாவை ஊற்றிப் பரப்பினார். தொழிற்சாலை அடை இல்லை! அதன் மேல் முட்டை, வெங்காயத்தாள். வெளியே ஓரம் மட்டும் முறுகல், உள்ளே இழுத்தால் இழுபடும் மென்மை. 35 தைவான் டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய ஐந்து வெள்ளி. மூவரும் பேசாமல் சாப்பிட்டோம். ஆசிரியைகள் மூவர் பேசாமல் இருந்தார்கள் என்றால் சுவையைப் பற்றி நான் வேறு எழுத வேண்டுமா?

ஆனால் அந்தக் கடையில் என் கண் கல்லைவிட வாசலில்தான் அதிகம் இருந்தது. அங்கே ஜூன் மாதம் முழுதும் பள்ளி உண்டு. ஏழு மணியானதும் பைகளை முதுகில் மாட்டிய பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். அந்த அம்மாள் எவரையும் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. முகத்தைப் பார்த்ததும் கை வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஒருவனுக்குக் கிச்சாப் வேண்டாம், ஒருத்திக்கு வெங்காயத்தாள் ஆகாது, எல்லாம் மனப்பாடம். காசைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு ஓடுகின்றன பிள்ளைகள். வகுப்பில் உட்கார்ந்து, பாடம் தொடங்குவதற்கு முன் சாப்பிடுவார்களாம். ஒரு பையன் சட்டைப்பையைத் துழாவிவிட்டு அப்படியே நின்றான். அம்மாள் ஏதோ அதட்டலாகச் சொல்லி, பொட்டலத்தை அவன் கையில் திணித்து அனுப்பினார். என்ன சொன்னார் என்று சீனத் தோழியைக் கேட்டேன். "நாளைக்குக் கொடு, இப்போது மணியடித்துவிடும், ஓடு" என்றாராம்.

தோட்டப் பள்ளியில் வேலை பார்ப்பவளுக்கு இதைப் பார்த்துவிட்டுச் சும்மா எழுந்து வர முடியுமா? அப்பாவும் அம்மாவும் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விட, அக்காள் தலைவாரிவிட்டுத் தம்பியை இழுத்துக்கொண்டு வரும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். வெறுந்தேத்தண்ணீரும் இரண்டு பிஸ்கட்டும்தான் வயிற்றில் இருக்கும். இரண்டாம் பாடத்தில் கணக்கு ஏறாது. மக்கு என்று பெயர் வாங்கும் பிள்ளை பல நாள் பசித்த பிள்ளையாகத்தான் இருக்கிறது. தாய்மாரைச் சொல்லிக் குற்றமில்லை. நான்கு மணிக்கு எழுந்து அவர்கள் இன்னும் என்ன செய்வார்கள்?

கூட்டம் குறைந்ததும் அந்த அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தோம். மூன்று மணிக்கு எழுந்து அவரையை அரைப்பாராம் கணவர். மகனுக்கு வேறு ஊரில் அலுவலக வேலை, மகள் திருமணமாகிப் போய்விட்டாள். உங்களுக்குப் பின் கடை யாருக்கு என்று கேட்டதற்கு, கரண்டியைக் காட்டி, "இதைப் பிடிக்க ஆளில்லை. கை ஓயும்வரை நடக்கும்" என்றார். சோகமாகச் சொல்லவில்லை. மாவின் பக்குவத்தைக் கேட்டதும்தான் முகம் மலர்ந்தது. நான் இட்டிலி, தோசைக்காரி என்று தோழி சொல்லியிருப்பார் போலும். கரண்டியை என் கையிலேயே கொடுத்து ஒன்று ஊற்றச் சொன்னார். பரப்புவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சுருட்டுவதுதான் வரவில்லை. கடைசி நாளும் அங்கேயே போனோம்; வேறு கடை தேடவில்லை.

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அதே கல்லில் பன்றி இறைச்சியும் வாட்டுவார்கள். ஆகாதென்பவர்கள் சைவக் கடையைத் தேடிக்கொள்ளுங்கள். 'சு' என்று சொன்னால் காட்டுவார்கள். சைவத் தான் பிங்கில் வெங்காயத்தாளும் போட மாட்டார்கள்.

பக்குவத்தையும் சொல்லிவிடுகிறேன். கோதுமை மாவு ஒரு கோப்பை, மரவள்ளி மாவு இரண்டு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, தண்ணீர் ஒன்றேகால் கோப்பை. அந்த அம்மாள் போடுவது வற்றாளை மாவு. நம் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது மரவள்ளி, அதுவும் இழுபடும். கட்டியில்லாமல் கரைத்து அரை மணி நேரம் வையுங்கள். இரவே கரைத்துக் குளிர்பெட்டியில் வைத்தாலும் கெடாது. எண்ணெய் தடவிய கல்லில் மெல்லிதாக ஊற்றி, நிறம் மாறியதும் எடுத்துவிடுங்கள். முட்டையை ஊற்றி, அது இறுகுமுன் அடையைப் போட்டுப் புரட்டிச் சுருட்டுங்கள். அடையை முதல்நாளே சுட்டு அடுக்கி வைத்துவிட்டால் காலையில் முட்டை வேலை மட்டும்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு மேற்பார்வையோடு சொல்லிக்கொடுக்கலாம்.

பள்ளி திறந்ததும் எங்கள் சிற்றுண்டிச்சாலை அக்காளிடம் செய்து காட்டினேன். இரண்டு நாள் வீட்டில் சுட்டுப் பார்த்துவிட்டு வந்து, ஒன்று ஒரு வெள்ளி ஐம்பது காசுக்குக் கொடுத்தால் கட்டும் என்றார். தலைமையாசிரியரிடம் பேசி, ஓய்வு நேரத்தில் மட்டும் திறந்திருந்த சிற்றுண்டிச்சாலையை இப்போது காலை ஏழு மணிக்கே திறக்கிறோம். காசு கொண்டு வராத பிள்ளையின் பெயரை அக்காள் ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறார். மாதக் கடைசியில் அந்த நோட்டு ஆசிரியர் அறைக்கு வரும், நாங்கள் பங்கிட்டுக்கொள்கிறோம். முதல் வாரம் பதினொரு பிள்ளைகள் வாங்கினார்கள். கெட்டிக் கிச்சாப் ஊற்றிக் கொடுத்ததற்கு இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் தட்டை நீட்டியபடியே நின்று, "சம்பல் இல்லையா, அக்கா?" என்று கேட்டான். மறுநாளிலிருந்து சம்பலும் உண்டு.