வடித்த காதும் ஒட்டிய காதும்

காஞ்சிபுரம் காந்தி சாலைப் பட்டுக் கடைகளைக் கடந்து சற்றே உள்ளே திரும்பினால், ஓர் அழகு நிலையத்தின் வாசலில் 'அறுந்த காது தையலின்றி ஒட்டித் தரப்படும்' என்றொரு பலகை தொங்குவதைக் காணலாம். எதைப் படித்தாலும் உரையாசிரியர் கண்ணோடு படிப்பது தமிழ் கற்பிப்பவர்களைப் பிடித்த நோய். 'தையல்' என்பதற்குப் பெண் என்றும் பொருளுண்டே, கனத்த ஜிமிக்கி பூட்டி அறுத்துக்கொள்வதும் தையல், ஒட்டவைக்க வருவதும் தையல், பிறகு தையலின்றி எங்ஙனம் ஒட்டுவது என்று நமக்குள் சிரித்துக்கொண்டோம். ஆனால் பலகை வைத்தவருக்கு ஊர் நிலவரம் தெரியும். முகூர்த்தத்தை நம்பிப் பிழைக்கிற ஊர் இது. புடவை எடுக்க வருகிற குடும்பம் கூடவே நகையையும் பேசுகிறது. நகையைப் பேசும்போது காதும் பேச்சில் வருகிறது.

காது ஒட்டுவதின் நுட்பம் எளியது, ஆயினும் வியப்புக்குரியது. ஆறிய தோல் ஆறிய தோலோடு ஒட்டாது. ஆகையால் அறுவை மருத்துவர் காதுச் சோணை மரத்துப்போக ஊசி போட்டு, என்றோ ஆறிப்போன விளிம்புகள் இரண்டையும் மெல்லியதாகச் சீவிப் பச்சைப் புண்ணாக்கி, அதன் பிறகே சேர்த்துத் தைக்கிறார். ஒரு வாரத்தையொட்டித் தையல் பிரிக்கப்படும். மறுபடி காது குத்தச் சில வாரங்களோ மாதங்களோ பொறுத்திருக்க வேண்டும். குத்தும்போதும் தழும்பை விட்டுத் தள்ளிக் குத்துவது நல்லது. தையலில்லா முறையில், துளையின் உள்விளிம்பில் டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் தொட்டு வைக்கப்படுகிறது. அமிலம் செய்வதும் கத்தி செய்ததைத்தான், ஆறியதைப் புண்ணாக்குகிறது. புண் ஆறும்போது துளை சுருங்குகிறது. துளை நீண்டு தொங்கும் காதுக்கு இது உதவும். முற்றிலும் அறுந்து இரண்டாகப் பிரிந்த சோணைக்குத் தையல்தான் வழி. தோல் மருத்துவர் கையில் இது சிகிச்சை. அளவும் அடர்த்தியும் அறியாதவர் கையில் அது வெறும் அமிலம்.

எம் தாய்வழிப் பாட்டி நெல்லைச் சீமையில் பிறந்தவர். பிள்ளைப் பருவத்திலேயே காதைக் குத்தி, ஓலைச் சுருளும் பஞ்சும் வைத்துத் துளையைப் பெரிதாக்கி, பிறகு ஈயக் குணுக்கை மாட்டி அவருக்குக் காதை வடித்திருந்தார்கள். பாம்படம் ஆடுகிற அந்தக் காது தோளைத் தொட்டால்தான் ஊரில் மதிப்பு. நகையில்லாத காதுக்கும் வடிக்காத காதுக்கும் 'மூளி' என்பதே பாட்டியின் வழக்கு. பெரியம்மாவுக்கும் காது வடித்தார்கள். 1960களில் சென்னையில் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை அமைந்தபோது, பட்டணத்தில் இந்தக் காதோடு எப்படி நடமாடுவாள் என்று பேச்சு எழுந்து, வடித்த காதை அறுத்துத் தைத்துச் சிறிதாக்கினார்கள். பாட்டி அழுதாராம். பல ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த காதை ஒரு முற்பகலில் வெட்டிவிட்டார்களே என்பது அவர் துயரம். "பிள்ளய மூளியாக்கிட்டியளே" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவின் காதில் குணுக்கு ஏறவே இல்லை. எம் மகள் இடக் காதில் மட்டும் மூன்று துளைகள் இட்டிருக்கிறாள். அதற்கு அம்மா சொல்லும் சொல் அச்சில் ஏறத் தக்கதன்று.

ஒரே குடும்பம், ஒரே உறுப்பு. சில பத்தாண்டுகளில் மூளி என்ற சொல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டது. அழகு சிகிச்சைகளின் தேவை மாறிவருவதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கருவிகளைப் பற்றியே எழுதுகிறார்கள். கத்தி போய் ஊசி வந்தது, ஊசியோடு லேசர் வந்தது என்று. முதலில் மாறுவது 'குறை' என்ற சொல்லின் பொருள்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. கருவி அதன் பின்னால் வருகிறது.

குறையை உண்டாக்கும் அதிகாரம் ஒருகாலத்தில் வெளிப்படையாகவே இருந்தது. பெரியபுராணத்தில் கழற்சிங்கர் எங்கள் காஞ்சியை ஆண்ட பல்லவ மரபினர். திருவாரூர்க் கோயிலில் கீழே கிடந்த பூவை எடுத்து மோந்த பட்டத்தரசியின் மூக்கைச் செருத்துணை நாயனார் அரிந்தார். பூவை எடுத்தது கையல்லவா என்று அரசர் கையையும் வெட்டினார். இதைப் பாடம் சொல்லும்போதெல்லாம் ஏதாவது ஒரு மாணவி எழுந்து, "அந்த அரசி அப்புறம் என்ன ஆனாங்க ஐயா?" என்று கேட்கிறாள். புராணத்துக்கு அந்தக் கேள்வி இல்லை. மருத்துவத்துக்கு இருந்தது. அறுபட்ட மூக்கைத் தோல் கொண்டு அமைக்கும் முறை சுசுருத சங்கிதையிலேயே பேசப்படுகிறது. 1794 அக்டோபரில் லண்டன் ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதழ், ஆங்கிலேயப் படையின் மாட்டு வண்டிக்காரரான கவாஸ்ஜியின் படத்தை வெளியிட்டது. திப்புவின் படையிடம் சிக்கி மூக்கை இழந்தவர் அவர்; நெற்றித் தோலைத் திருப்பி இறக்கி அவருக்குப் புது மூக்கு அமைக்கப்பட்டிருந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1814இல் லண்டனில் அதே முறையைச் செய்து பார்த்து, 1816இல் நூலாக வெளியிட்டார். உலகெங்கும் இன்று மூக்கை எடுப்பாக்கிக்கொள்கிற கலையின் முன்கதையில், தண்டனையால் மூக்கிழந்தவர்கள் நிற்கிறார்கள்.

இன்னொரு முன்கதை நமக்கு மிக அருகில் உள்ளது. 2019இல் தனி மாவட்டமாகும் வரை செங்கல்பட்டு எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அங்குள்ள தொழுநோய் மருத்துவமனைக்கு 1947இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் வந்தார். விரல்கள் மடங்கிப்போன நோயாளி ஒருவரோடு கைகுலுக்கியவர், பிடியின் வலுவைக் கண்டு திகைத்தார். தசை செத்துவிடவில்லை என்று புரிந்தது. விரல்களை நிமிர்த்தும் அறுவை அடுத்த ஆண்டே வேலூரில் தொடங்கிற்று. கை சரியானவர்கள் வேலை தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். புருவம் உதிர்ந்த முகமும் அமுங்கிய மூக்கும், நோய் நீங்கிய பிறகும் நோயைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஆகவே தலைமுடியுள்ள தோலைக் கொண்டுவந்து புருவம் அமைத்தார்கள். தலைமுடியாதலால் அது தலைமுடி போலவே நீளும். அவ்வப்போது கத்தரிக்க வேண்டும். சிலர் கத்தரிக்க மனமின்றி, புருவத்தை நீள விட்டுப் பெருமையோடு திரிந்தார்கள் என்று பிராண்ட் நினைவுகூர்ந்திருக்கிறார். அழகு சிகிச்சையை ஒட்டுமொத்தமாகப் பழிக்கும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு அந்தப் புருவங்கள் நினைவுக்கு வருகின்றன.

இன்று குறைக்கும் ஆசைக்கும் நடுவே கோடு கிழிப்பது வரிச் சட்டம். 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது மருத்துவச் சேவைக்கு விலக்கு அளித்தார்கள். முடி மாற்றுச் சிகிச்சைக்கும் அழகு அறுவைக்கும் அவ்விலக்கு இல்லை. ஆனால் பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் ஆகியவற்றால் கெட்ட உறுப்பைச் சீராக்கும் அறுவையானால் விலக்கு உண்டு. நூற்பா போன்ற விதி. காப்பீட்டு நிறுவனங்களும் விபத்து, தீக்காயம், புற்றுநோய் என்று ஏறக்குறைய இதே கோட்டைத்தான் கிழிக்கின்றன. 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்பை இலவசமாகச் செய்யும் பிரிவு தொடங்கப்பட்டபோது இந்தக் கோடு ஆட்டம் கண்டது. அழகு சிகிச்சை ஏழைக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது என்று அன்றைய சுகாதார அமைச்சர் கேட்டார். உயிர் காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாதபோது இது எதற்கு என்று எதிர்ப்பும் எழுந்தது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆயினும் அமைச்சரின் கேள்விக்கு நேரான விடையை எவரும் சொன்னதாக நமக்கு நினைவில்லை.

தேவையின் திசை இப்போது எப்பக்கம் என்பதற்கு ஓர் எண். ஐசாப்ஸ் என்னும் பன்னாட்டு அழகியல் அறுவை மருத்துவர் சங்கத்தின் கணக்கில் 2023இல் உலகெங்கும் நடந்த சிகிச்சைகள் ஏறத்தாழ 3.49 கோடி. அவற்றுள் அறுவை 1.58 கோடி, கத்தியின்றி நடந்தவை 1.91 கோடி. போட்டுலினம் ஊசி மட்டும் 88 லட்சத்தைத் தொட்டது. கெட்டுப்போன உணவில் உண்டாகும் நஞ்சு அது. தசையைச் செயலிழக்கச் செய்யும். மாறுகண்ணுக்கு மருந்தாகி 1989இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, 2002இல் புருவ நடுவே விழும் கோடுகளுக்கும் ஒப்புதல் பெற்றது. அதன் பயன் மூன்று நான்கு மாதங்கள்தாம். பெரியம்மா ஒரு முறை காது தைத்ததோடு சரி. ஊசி போட்டுக்கொள்பவர் ஆண்டுக்கு மூன்று முறை வர வேண்டும். விடுப்பு வேண்டா, கட்டு வேண்டா, ஊராருக்குத் தெரியவும் தெரியாது. வணிகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? காஞ்சியிலேயே பேச்சு மாறியிருக்கிறது. முன்பு முகூர்த்தத்துக்கு முதல் நாள் முகப்பூச்சு. இப்போது மூன்று மாதம் முன்பே தோல் மருத்துவரிடம் தவணை முறையில் லேசர்.

இவ்விடத்தில் கைபேசியைக் குறை சொல்லாமல் நகர முடியாது. முகத்துக்கு மிக அருகில் பிடித்த கருவி மூக்கை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டும், அது ஒளியியல். தன் மூக்கு பெரிது என்று மனம் வாடும் பிள்ளைகள் பலர் பார்த்தது மூக்கையன்று, தூரத்தை. உதயகுமரன் பார்வையிலிருந்து தப்பக் காயசண்டிகையின் உருவெடுத்த மணிமேகலை இறுதியில் வந்து நோற்ற ஊர் காஞ்சி. அவளுக்கு ஓடி ஒளிய ஒரு பார்வைதான் இருந்தது.

நிறத்தைப் பற்றிச் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தோம். 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் க்ளோ அண்ட் லவ்லி ஆயிற்று. பெயரிலிருந்து வெண்மை போயிற்று, கடையிலிருந்து போகவில்லை. 2023இல் கேரளத்துக் கோட்டக்கல்லில், சிறுநீரில் புரதம் கசியும் நோயோடு வந்தவர்களை ஆராய்ந்த மருத்துவர்கள், பலரும் முகத்தை வெளுப்பாக்கும் களிம்புகளைப் பூசியதைக் கண்டறிந்தார்கள். களிம்பில் பாதரசம். நிறுத்தியதும் பலர் தேறினார்கள்.

கத்தியில்லை என்றால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கையும் இப்படிப்பட்டதே. 2016இல் சென்னையில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த இளைஞர் ஒருவரே முடி மாற்றுச் சிகிச்சைக்குப் பின் இறந்தார். அச்சிகிச்சை நடந்த இடம் முடி திருத்தும் நிலையமாக உரிமம் பெற்றது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், பயிலரங்குகளிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று எழுத்தில் அறிவிக்க வேண்டி வந்தது. எழுத வேண்டி வந்ததிலிருந்தே நிலைமையை ஊகிக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் துறையில் இளங்கலை மூன்றாமாண்டு படித்த மாணவி ஒருவர், நெசவாளர் மகள், மேலுதட்டுப் பிளவோடு பிறந்தவர். குழந்தையிலேயே தைத்திருந்தார்கள், தழும்பும் உதட்டில் சிறு கோணலும் எஞ்சியிருந்தன. பெண் பார்க்க வந்தவர்கள் கல்யாணத்துக்கு முன் அதைச் சரிசெய்யச் சொன்னார்களாம். முதலாளியிடம் மேலும் முன்பணம் வாங்கிச் செய்துவிடலாம் என்பது தந்தையின் முடிவு. அந்த முன்பணம் அடைகிறவரை வேறு தறிக்குப் போக முடியாது. மாணவி துறைக்கு வந்து, "ஐயா, இது நோயா, ஆசையா?" என்று கேட்டார். வரி விதியைச் சொல்லலாம். பிறவிக் குறை, விலக்கு உண்டு. அவர் கேட்டது அதையன்று. துறையில் அன்று பிற்பகல் முழுதும் இதே பேச்சு. உடன் பணிபுரியும் அம்மையார் ஒருவர், செய்துகொள்ளட்டும், அவள் முகம் அவளுடையது என்றார். மற்றொருவர், நிபந்தனை போடுகிறவன் வீட்டில் வாழ்வது எப்படி என்றார். "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டோம். "எனக்கு வேணும் ஐயா. அவங்க கேட்டதுக்காக வேணாம்" என்றார்.

அந்தச் சம்பந்தம் நின்றுபோயிற்று. அவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்து, ஓராண்டு கழித்து அரசு மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டார். மருந்துக்கும் விடுப்புக்கும் ஆன செலவு அவருடைய சம்பளம். சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்கு வந்தபோது பார்த்தோம். தழும்பு மெலிந்திருந்தது, போய்விடவில்லை. அப்பா இன்னும் தறியில்தான் இருக்கிறார் என்றும், கோர்வைப் புடவைக்குக் கரைநாடா தள்ளத் தாம் இல்லாததால் தம்பி உட்காருகிறான் என்றும் சொன்னார். அலுவலகத்தில் பழைய புகைப்படத்தைக் காட்டி, இதை மாற்ற வேண்டுமா என்று கேட்டார். தேவையில்லை என்றோம். தொலைநிலைக் கல்வியில் முதுகலைக்கு என்ன கட்டணம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, இரவுப் பணிக்கான பேருந்தைப் பிடிக்கக் கிளம்பினார்.