கழிக்கப்பட்ட கால்கள்

ஞாயிறு காலைகளில் நாங்கள் சிலர் மாஞ்செஸ்ரர் நகரின் புறத்தேயுள்ள நாய்க் கொட்டிலொன்றுக்குச் செல்கின்றோம். பந்தயத்திலிருந்து கழிக்கப்பட்ட கிறேஹவுண்ட் நாய்களை உலாவ அழைத்துச் செல்வதும், அவற்றுக்கு வீடு தேடிக் கொடுப்பதும் எங்கள் வேலை. கூலி இல்லை.

மின்சார முயலை விரட்டி நாய்கள் வட்டத் திடலில் ஓடும் பந்தயம் பிரித்தானியாவில் முதன்முதலாக நடைபெற்றது இந்நகரின் பெல் வியூவிலேதான், ஆண்டு 1926. ஆலைத் தொழிலாளரின் கூலியில் எவ்வளவோ அங்கே கரைந்தது. 2020-ல் அத்திடல் மூடப்பட்டது. பந்தயம் மட்டும் வேறு ஊர்களில் தொடர்கின்றது.

நான்கைந்து வயதில் வேகம் தளர்ந்ததும் நாய் இலாபந் தராது. ஆயுளோ பன்னிரண்டு வயதுக்கும் மேல். எஞ்சிய ஆண்டுகளுக்கு யார் சோறு போடுவது?

சென்ற மாதம் நாங்கள் ஒரு வீட்டிற் சேர்த்த கறுத்தப் பெட்டை மாடிப்படியைக் கண்டு நடுங்கி நின்றது. மணிக்கு அறுபது கிலோமீற்றர் ஓடிய கால்கள்! கொட்டிலில் வளர்ந்த பிராணி படியை எங்கே கண்டது? ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்துப் பழக்கினோம்.

எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் ஓய்வதில்லை. அவர்கள் கழிக்க, நாங்கள் சுமக்க, வெறுமையான கொட்டிலுக்கு அடுத்த குட்டி வந்துவிடுகின்றது. எங்கள் இரக்கம் பந்தயக்காரரின் செலவையல்லவா குறைக்கின்றது? உண்மைதான். ஆனால், நாங்கள் கைவிட்டால் தண்டனை நாய்க்கே. ஆகவே கயிற்றையும் பிடிக்கின்றோம். தடைச்சட்டம் கோரும் மனுக்களிலும் கையொப்பமிடுகின்றோம். அமெரிக்காவின் புளோரிடாவில் மக்கள் 2018-ல் வாக்களித்தே இப்பந்தயத்துக்கு முடிவு கட்டினர்.

அந்தப் பெட்டை இப்போது தானாகவே மாடியேறுகின்றதாம். இறங்கத்தான் இன்னும் ஆள் வேண்டியிருக்கிறது.