உப்பேறிய யந்திரம்

குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடைப்பட்ட கடற்கரையில், தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து வீசுகின்ற ஆனி ஆடி மாதங்களில், பெரிய விசைப்படகுகளெல்லாம் தடைக்காலத்தை முன்னிட்டுத் துறையிலே கட்டப்பட்டுக் கிடக்க, பின்புறத்தில் மோட்டாரை மாட்டிக்கொண்டு அலையைக் கடந்து தொழிலுக்குப் போகிறவை சிறு வள்ளங்கள்தாம். அந்தப் பருவத்தில் கரையலை மூர்க்கமானது. போகும்போதோ திரும்பும்போதோ அதன் முதுகில் வள்ளம் குறுக்காகத் திரும்பிவிட்டால் கவிழ்வது நிச்சயம். ஆட்கள் பெரும்பாலும் நீந்திக் கரையேறிவிடுகிறார்கள். வள்ளத்தையும் கயிறு கட்டி இழுத்துவிடலாம். கடலைக் குடித்த மோட்டாரின் கதைதான் அதற்குப் பிறகு தொடங்குகிறது. அவ்விதம் மூழ்கி எழுந்த மோட்டார்களுக்குப் பரிகாரம் செய்கிற ஒரு பட்டறையில் சில காலம் உடனிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

ஓலைச் சாய்ப்பின் கீழ், மரச்சட்டங்களில் வரிசையாக மாட்டப்பட்ட மோட்டார்களும், மேல்மூடி அறுக்கப்பட்டு நல்ல தண்ணீர் நிரப்பிய இரும்புப் பீப்பாய்களும், பழைய எண்ணெயின் வாசனையுமாக இருந்த அந்தப் பட்டறையின் மெக்கானிக் ஐம்பது வயதைக் கடந்தவர். ஆட்டோவில் சாக்கு சுற்றிக் கொண்டுவரப்பட்ட ஒரு மோட்டாரை அவர் உடனே தொடவில்லை. கொண்டுவந்த இளைஞனை முதலில் விசாரித்தார்.

“கவுறும்போ எஞ்சின் ஓடிட்டா இருந்து, இல்ல நின்னு போச்சா மக்கா?”

“அலை அடிக்கதுக்கு முன்னாலயே நின்னு போச்சு அண்ணே.”

“கரைக்கு எப்ப வந்து?”

“முந்தாநாள் சாயங்காலம். ரெண்டு குடம் நல்ல தண்ணி ஊத்தி வெயில்ல வச்சோம். இப்ப கயிறு இழுத்தா அசைய மாட்டேங்கு.”

அவர் இளைஞனைக் கடிந்துகொள்ளவில்லை. அந்த இரண்டு கேள்விகளில் பாதிப் பரிசோதனை முடிந்துவிட்டது என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கிய மோட்டாரில், காற்றை அழுத்த வேண்டிய பிஸ்டன் தண்ணீரைப் போய் முட்டுகிறது; தண்ணீரோ அழுத்தத்துக்குச் சுருங்காதது; ஆகவே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடுகிறது. அப்படி வளைந்ததை எண்ணெய் விட்டு எத்தனை ஊற வைத்தாலும் பிரயோஜனமில்லை. நின்ற பிறகு மூழ்கியதென்றால் நம்பிக்கைக்கு இடமுண்டு. ஆனால் அந்த நம்பிக்கையை வெயிலில் கிடந்த நேரம் கரைத்துவிடுகிறது.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. மோட்டார் அதனுள் அமிழ்ந்து கிடக்கும்வரை, பிராணவாயு குறைவாகையால், துருவின் வேகம் மட்டுப்பட்டே இருக்கிறது. வெளியே எடுத்து, ஈரமும் உப்பும் காற்றும் ஒன்றுசேரும்படி விட்டவுடன்தான் அது வெறிகொண்டு பரவுகிறது. இந்த டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களில் மற்ற யந்திரங்களில் உள்ளதுபோல் அடியில் எண்ணெய்த் தேக்கம் கிடையாது. எரிபொருளோடு கலந்து வருகின்ற சொற்ப எண்ணெயே பேரிங்குகளின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து காக்கிறது. கடல்நீர் அந்தப் படலத்தைக் கழுவிவிட்டு உள்ளேயே தேங்கி நிற்க, மேலே எத்தனை குடம் ஊற்றினாலும் அந்த நீர் மூடியின் வெளிப்புறத்தையே நனைக்கும். கரையேறிய உடனே பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகள் கீழ்நோக்கும்படி மோட்டாரைச் சாய்த்து, கயிற்றை மெல்ல இழுத்து உள்நீரை வெளியேற்றி, நல்ல தண்ணீராலும் பின்பு மண்ணெண்ணெயாலும் உட்புறத்தை அலசி, எண்ணெய் விட்டு, சில மணி நேரத்துக்குள் ஓட விட்டுவிட வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால், மெக்கானிக் வரும்வரை முழு மோட்டாரையும் நல்ல தண்ணீர்ப் பீப்பாயில் மூழ்க வைப்பதே உத்தமம். கடலிலிருந்து பிரயாசைப்பட்டு மீட்டதை மறுபடியும் தண்ணீரில் அமிழ்த்துவதா என்று மனம் தயங்குவது இயல்புதான். அந்தத் தயக்கத்தில் கெட்டுப்போன மோட்டார்கள் பல.

மெக்கானிக் முதலில் அடிப்பாகத்துக் கியர் பெட்டியைக் கழற்றித் தனியே வைத்து, அதன் தண்டைக் கையால் சுழற்றிப் பார்த்தார். அது தடையின்றிச் சுழன்றது. பிடித்துக்கொண்டிருப்பது மேலேயுள்ள எஞ்சின்தான், கியர் அல்ல என்று அதனால் தீர்மானமாயிற்று. பிளக்குத் துளை வழியே டார்ச் அடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். அலுமினியப் பிஸ்டனின் தலையில், உப்புநீர் ஊறிய பழைய பானையின் உட்புறம் போல வெள்ளை பூத்திருந்தது. அதைச் சுற்றியுள்ள இரும்பு லைனரிலோ செம்பழுப்புத் துரு வளையமிட்டிருந்தது. அந்த வளையந்தான் பிஸ்டன் ரிங்குகளைக் கவ்விப் பிடித்திருந்தது. டீசலும் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயும் கலந்து துளைகளில் நிரப்பி, ஒரு துணியைத் திணித்துவிட்டு, “இனி நாளைக்குத்தான்” என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையில் பிளைவீல் நட்டில் ஸ்பேனரை மாட்டி அவர் கொடுத்த அழுத்தம், வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் செய்யாததுபோலவே தோன்றும். ஸ்பேனரின் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீளம் கூட்டிக்கொள்ளலாம் என்று இளைஞன் சொன்னதற்கு அவர் கண்டிப்பாக இணங்கவில்லை. ரிங் ஒடிந்தால் லைனரைக் கீறும், கீறிய லைனருக்கு மறுபிறப்பு இல்லை என்பது அவர் சொன்ன நியாயம். வலமாக ஒரு சிறு அழுத்தம், பின்பு இடமாக ஒரு சிறு அழுத்தம், மறுபடியும் எண்ணெய், மறுபடியும் காத்திருத்தல். முற்பகல் முழுவதும் இப்படியே சென்றது. முடிவில் பிளைவீலின் பல் ஒன்று, ஒரு நெல் அளவுக்கு நகர்ந்தது. அதன் பிறகு அந்த நெல்லளவை விரலளவாக்கவும், விரலளவை முழுச் சுற்றாக்கவும் அவர் காட்டிய சிரத்தையைப்போல் நான் வேறெந்தத் தொழிலிலும் அதிகம் கண்டதில்லை.

மண்ணெண்ணெயில் ஓடும் இந்த மோட்டார்கள் இக்கரைக்குப் பரவலாக வந்தது 1980-களில்தான். ஓலே எவின்ரூட் என்பவர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1909-ஆம் ஆண்டிலேயே படகின் பின்புறம் மாட்டும் மோட்டாரைச் செய்து விற்கத் தொடங்கிவிட்டார். கட்டுமரத்தையும் பாயையும் நம்பியிருந்த இந்த ஊர்களுக்கு அது வந்துசேர எழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பட்டறைக்காரரின் தலைமுறை, யந்திரக் கல்வியைப் பள்ளியில் பெறாமல், கெட்டுப்போன மோட்டார்களிடமிருந்தே பெற்றது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதிச் சுனாமிக்குப் பிறகு மணலிலும் சகதியிலுமிருந்து தோண்டியெடுக்கப்பட்ட மோட்டார்கள் மலையாகக் குவிந்தபோதுதான், தாம் இந்த வித்தையை உண்மையில் கற்றுக்கொண்டதாக அவர் சொன்னார். அப்போது அவருடைய உறவினர் வீடுகளிலும் சாவு விழுந்திருந்தது. அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

சிலிண்டரின் தலைமூடியைக் கழற்றுவது அடுத்த சோதனை. அலுமினியத்தில் முறுக்கிய எவர்சில்வர் போல்ட்டுகளை உப்பு ஒன்றாக்கிவிட்டிருந்தது. போல்ட்டைச் சூடாக்காமல் அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கினார். அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரிவதால் பிடி தளர்கிறது. அவ்வாறு திறந்து, லைனரை எண்ணெயில் நனைத்த நைஸ் எமரித் தாளால் தேய்த்துத் துருவை நீக்கிய பிறகு, கிராங்கைச் சுற்றியுள்ள ஊசி பேரிங்குகளுக்கு வந்தார். மெல்லிய அந்த ஊசிகளில் ஒன்றில் சிறு குழி விழுந்திருந்தாலும் மோட்டார் இன்றைக்கு ஓடிவிடும். ஆனால் கரை தெரியாத தூரத்தில், நள்ளிரவில், அது உடையும். அவர் ஒவ்வோர் ஊசியையும் விரல்நுனியில் உருட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, மேல் பேரிங்கை மட்டும் மாற்றியே தீரவேண்டும் என்றார். செலவைக் கேட்டு இளைஞனின் முகம் வாடிற்று. மோட்டார் வாங்கிய கடனே வியாபாரியிடம் பாக்கி நிற்க, பிடிக்கிற மீனையெல்லாம் அந்த வியாபாரிக்கே அவர் சொல்லும் விலைக்குக் கொடுத்து வருகிறவன் அவன். பட்டறைக்காரர் கூலியைப் பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பேரிங்கின் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் மனமாரப் போற்றுகிறேன்.

இத்தனை பாடும், முந்தாநாள் சாயங்காலம் கரையில் ஒரு பீப்பாய் நல்ல தண்ணீர் இருந்திருந்தால் பெரும்பாலும் நேர்ந்திராது. குடிப்பதற்கே குடத்தோடு காத்திருக்கிற கடற்கரை ஊர்களில் மோட்டார் முங்குமளவு தண்ணீருக்கு எங்கே போவது? வள்ளங்கள் ஏறுகிற ஒவ்வொரு துறையிலும் இதற்கென்று ஒரு தொட்டி கட்டி, மழைநீரையாவது நிரப்பி வைப்பது அரசாங்கத்துக்கோ ஊர்க் கமிட்டிக்கோ பெரிய காரியமல்ல. அதைச் செய்யாமலிருப்பதற்கு ஒரு சமாதானமும் எனக்குத் தோன்றவில்லை.

பூட்டி முடித்த மோட்டாரைப் பீப்பாயில் இறக்கி, எண்ணெயை இருமடங்காகக் கலந்த பெட்ரோலில் ஓடவிட்டபோது, நீலப்புகை சாய்ப்பை நிறைத்தது; பக்கத்துத் துளையிலிருந்து குளிர்நீர் தாரை தடையில்லாமல் பீச்சுகிறதா என்று அவர் கையை நீட்டிப் பார்த்தார். அன்று இரவே தொழிலுக்குப் போகலாமா என்று இளைஞன் கேட்டான். இரண்டு நாள் கரையோரமாகவே ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவரும்படியும், கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் புகுகிறது என்று பொருளாகையால் அதைத் தாமே திறந்து பார்க்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டு, சட்டத்தில் காத்திருந்த அடுத்த மோட்டாரின் மூடியைக் கழற்றத் தொடங்கினார்.